பாலைப் பத்தி பயந்தேன், மோவாய மறந்துட்டேன்

கர்ப்பமா இருந்த ஒன்பது மாசமும் என் மூஞ்சி அப்படி ஒரு பளபளப்பு, பார்க்கிறவங்க எல்லாரும் என்ன போடறேன்னு கேட்பாங்க, ஒண்ணும் போடலைன்னா நம்ப மாட்டாங்க. டெலிவரி ஆகி ஏழாவது வாரம் அந்தக் கதை முடிஞ்சுது. முதல்ல தாடை ஓரத்துல ஒரு பரு, அடுத்த நாள் பக்கத்துல ரெண்டு, ஒரு வாரத்துல காதுக்குக் கீழ இருந்து மோவாய் வரைக்கும் வரிசை கட்டி நின்னுச்சு. சின்ன வயசுல வந்த மாதிரி நாலு நாள்ல காய்ஞ்சு உதிர்ற பரு இல்ல இது. தோலுக்கு அடியில கல்லு மாதிரி உட்கார்ந்துக்கும், வெளியவும் வராது அடங்கவும் அடங்காது, பாப்பா தெரியாம கைய வீசி அதுல பட்டுச்சுன்னா கண்ணுல தண்ணி வந்துடும்.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி பாப்பாவுக்கே மூஞ்சியெல்லாம் பரு. மூணாவது வாரம் கன்னத்துல, நெத்தியில சின்னச் சின்னதா சிவப்பு. பதறிப் போய் குழந்தை டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன், அவர் சிரிச்சுட்டு "பச்சக் குழந்தைங்களுக்கு இது வரும்மா, ஒண்ணும் போடாதீங்க, வெறும் தண்ணியில துடைங்க, தானா போயிடும்"னார். ரெண்டு மாசத்துல சுத்தமா போயிடுச்சு. அதனால எனக்கு வந்தப்பவும் தானா போயிடும்னு உட்கார்ந்திருந்தேன். அவளுக்குப் போச்சு, எனக்குப் போகல.

சரி மருந்து போடலாம்னு அலமாரிய திறந்தா கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின ஒரு டியூப் கிடந்துச்சு. எடுத்துக் கையில வச்சதுதான் தாமதம், அம்மா "பச்ச உடம்புக்காரி, கண்டதையும் போடாத, பால் வழியா குழந்தைக்குப் போயிடும்"னாங்க. மாமியாரும் அதையேதான் சொன்னாங்க, அக்காவும் அதையேதான் சொன்னா. இவங்க மூணு பேரும் ஒரு விஷயத்துல ஒத்துப் போறது எங்க வீட்டுல அபூர்வம், அதனால நானும் பயந்து டியூப திரும்ப வச்சுட்டேன். வச்சுட்டு என்ன பண்ணேன் தெரியுமா, யாரோ சொன்னாங்கன்னு டூத்பேஸ்ட்ட எடுத்து அப்பினேன். அது மருந்து இல்லையாம், அதனால பயமில்லையாம்! காலையில அந்த இடம் வெந்து தோல் உரிஞ்சு, பரு அப்படியே இருந்துச்சு.

அப்புறம் ஒரு ஸ்கின் டாக்டர்கிட்ட போனேன். மூஞ்சிய ஒரு தடவ பார்த்தார், "பால் குடுக்குறீங்களா"ன்னு கேட்டார், ஆமான்னேன், "அப்ப நிறுத்தின பிறகு வாங்க, இப்ப எதுவும் தர முடியாது"ன்னு முடிச்சுட்டார். ரெண்டு நிமிஷம் கூட ஆகல. வெளிய வந்து கணக்குப் போட்டேன். ஒன்றரை வருஷமாவது குடுக்கணும்னு எனக்கு ஆசை, அதுவரைக்கும் இதோடவே இருக்கணுமா? ஆழமான பரு தழும்பா, பள்ளமா நிக்கும்னு எனக்குத் தெரியும், கூடப் படிச்ச ஒரு பொண்ணோட கன்னத்த பல வருஷம் பார்த்திருக்கேன். பாப்பாவுக்குப் பால் குடுக்கணுமா இல்ல என் மூஞ்சிய காப்பாத்திக்கணுமான்னு ராத்திரி எல்லாம் யோசிச்சிருக்கேன், இப்ப நினைச்சா கோவம் வருது, ஏன்னா அப்படி ஒண்ண தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்ல.

ரெண்டாவதா பார்த்த டாக்டர் மேடம் வேற மாதிரி. அவங்க கேட்ட கேள்வி எதையும் நான் எதிர்பார்க்கல. "குழந்தைக்கு எத்தன மாசம்? நிறை மாசத்துல பிறந்ததா? தாய்ப்பால் மட்டுமா, வேற ஏதாச்சும் குடுக்குறீங்களா?" இதெல்லாம் சரி. அடுத்து "தோள்ல போட்டு தூங்க வைக்கிறப்போ எந்தப் பக்கம் சாய்ஞ்சுக்குவா?"ன்னாங்க. எதுக்குன்னு முழிச்சேன். "பசிச்சா உங்க மூஞ்சிய உறிஞ்சுவாளா?"

உறிஞ்சுவா! அதுதான் அவ வேலையே. பசி வந்துட்டா கண்ண மூடிக்கிட்டு வாயத் திறந்து முதல்ல கிடைக்கிறத கவ்வுவா, தோள்ல இருந்தா கழுத்து, மூஞ்சிக்குக் கிட்ட இருந்தா மோவாய். சரியா பரு வரிசை கட்டி நிக்கிற அதே இடம். "பாலைப் பத்தி நாம பேசலாம், ஆனா க்ரீம் விஷயத்துல பால விட அந்த வாய்தான் எனக்குக் கவலை"ன்னாங்க மேடம். ரெண்டு மாசமா பால் வழியா என்ன போகும்னு மட்டுமே யோசிச்சுக்கிட்டிருந்த எனக்கு, மோவாய் வழியா நேரா வாய்க்கே போகுமேன்னு ஒரு தடவ கூடத் தோணல.

அவங்க பேப்பர்ல ஒரு கோடு போட்டு காட்டினாங்க. தோல்ல போடற மருந்து பாலுக்குப் போகணும்னா முதல்ல தோலத் தாண்டி ரத்தத்துக்குப் போகணும், ரத்தத்துல இருந்து பால் சுரக்கிற செல்ல தாண்டணும், அந்தப் பால் குழந்தை வயித்துக்குப் போயி அங்க இருந்து அதோட ரத்தத்துக்குப் போகணும். ஒவ்வொரு கதவுலயும் கொஞ்சம் வெளியவே நின்னுடும். மூஞ்சிங்கிறது உடம்போட மொத்தத் தோல்ல ரொம்பச் சின்ன இடம், அதுல பட்டாணி அளவு மருந்து போட்டு அதுல கொஞ்சம் உள்ள போயி அதுல கொஞ்சம் பாலுக்கு வர்றதுன்னா மிச்சம் என்ன இருக்கும்னு நீங்களே யோசிங்க. மாத்திரைக்கு இந்த முதல் கதவே கிடையாது, முழுங்கினா நேரா ரத்தம்தான், அதான் மாத்திரைக்குத் தனியா கணக்குப் பார்க்கணும். அம்மா எடுக்கிற டோஸ எடைக்கு எடை வச்சுப் பார்த்து, பால் வழியா குழந்தைக்குப் போறது அதுல 10 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பெரும்பாலான மருந்துகள்ல பரவாயில்லைன்னு எடுத்துக்குவாங்களாம். குழந்தையோட வயசும் முக்கியம். குறைமாசக் குழந்தை, பிறந்து ஒரு மாசம் ரெண்டு மாசம் ஆன குழந்தைன்னா ஈரலும் கிட்னியும் இன்னும் பக்குவப்படல, மருந்து உடம்பு விட்டுப் போக நேரமாகும். ஆறு மாசம் தாண்டி மத்த ஆகாரமும் சாப்பிட ஆரம்பிச்ச குழந்தைக்குக் கவலை அந்த அளவு இல்ல.

ஏன் இப்ப வந்துச்சுன்னும் கேட்டேன். நஞ்சுக்கொடி வெளிய வந்த உடனே ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் மளமளன்னு இறங்கிடும், தாய்ப்பால் மட்டும் குடுக்குற காலத்துல ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கீழயேதான் இருக்கும். ஆம்பள ஹார்மோன்னு சொல்ற ஆண்ட்ரோஜன் நம்ம உடம்புலயும் கொஞ்சம் உண்டு இல்லையா, எதிர்ல ஆள் இல்லாததால அதோட கை ஓங்கி எண்ணெய்ச் சுரப்பி ஜாஸ்தி சுரக்க ஆரம்பிச்சுடும். எண்ணெயும் செத்த தோலும் சேர்ந்து துவாரத்த அடைக்கும், உள்ள இருக்கிற பாக்டீரியா பெருகும், வீங்கும். தூக்கமே இல்லாம கிடக்கிறதும் சேர்ந்துக்கும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், கரும்புள்ளி கறுப்பா இருக்கிறது அழுக்கால இல்ல, அடைச்சுக்கிட்ட சரக்கு காத்து பட்டுக் கறுக்கிறது. நான் அழுக்குன்னு நினைச்சு நாளைக்கு அஞ்சு தடவ மூஞ்சிய தேய்ச்சுக் கழுவி இருக்கிறதையும் புண்ணாக்கிக்கிட்டேன். ரெண்டு தடவ போதும், மெதுவா.

எனக்கு முதல்ல குடுத்தது பென்சாயில் பெராக்ஸைடு. 2.5 சதவீதம். இதுல 5, 10 எல்லாம் இருக்கே, ஸ்ட்ராங்கா குடுங்களேன்னு கேட்டேன், அவசரம் எனக்கு. 2.5-ம் 10-ம் கிட்டத்தட்ட ஒரே வேலைதான் செய்யும், 10 போட்டா எரிச்சலும் தோல் உரியறதும்தான் கூடுதலா கிடைக்கும்னாங்க. போட்டதுல சுமாரா 5 சதவீதம்தான் தோலத் தாண்டும், அதுவும் தோல்லயே பென்சாயிக் அமிலமா மாறி யூரின்ல போயிடும், அதனால பால் குடுக்கிறவங்களுக்குப் பொதுவா முதல்ல நினைக்கிற மருந்து இதுதான்.

பாப்பா உறிஞ்சுற பிரச்சனைக்கு மேடம் சொன்ன வழி ரொம்ப எளிசு. போட்டுட்டு அப்படியே விட்டுட வேணாம், மெலிசா தடவி அஞ்சு பத்து நிமிஷம் வச்சிருந்து நல்லா கழுவிடுங்க. கழுவிட்டா உறிஞ்ச அங்க ஒண்ணும் இருக்காது. பாப்பா சாயங்காலம் ஒரு குட்டித் தூக்கம் போடுவா, அப்ப போட்டுக் கழுவிடுவேன். கை ரெண்டையும் சோப் போட்டுக் கழுவிட்டுத்தான் அவளத் தொடறது. பால் குடுத்து முடிச்ச உடனே போடுங்க, அடுத்த ஃபீடிங்குக்குள்ள டைம் இருக்கும்ங்கிறதும் நல்ல யோசனைதான், ஆனா ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ கேட்கிற குழந்தை வச்சிருக்கவங்களுக்கு அந்த யோசனை எந்த அளவுக்கு உதவும்னு எனக்குத் தெரியும்.

இந்த மருந்துக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு, துணிய வெளுத்துடும். சரியா கழுவாம ஒரு நாள் அவசரத்துல பாப்பாவ தூக்கிட்டேன், அவளோட நீலச் சட்டைத் தோள்ல ரெண்டு ரூபா அளவுக்கு ஆரஞ்சு கலர்ல ஒரு வட்டம். என் தலையணை உறை நாலு, டவல் ரெண்டு, எல்லாம் போச்சு. ஆனா அந்தச் சட்டை எனக்கு நல்ல பாடம், ஏன்னா கழுவிட்டேன்னு நான் நினைச்ச இடத்துல எவ்வளவு மிச்சம் இருந்துச்சு, அது எங்கெங்க ஒட்டுச்சுன்னு கண்ணால பார்த்தேன். துணியில தெரியுது, குழந்தை கன்னத்துல தெரியாது அவ்வளவுதான். குழந்தை தோல் மெலிசு, உடம்பு எடைக்கு அதுங்களோட தோல் பரப்பு நம்மள விட ஜாஸ்தி, அதனால நமக்கு ஒரு துளி அதுங்களுக்கு ஒரு துளி இல்ல. இன்னொண்ணு, இந்த டியூப வெயில்ல, காருக்குள்ள எல்லாம் வைக்காதீங்க, தேதி முடிஞ்சத தூக்கிப் போட்டுடுங்க. சூட்டுல இது சிதைஞ்சு பென்சீன்னு புற்றுநோய் வரவைக்கக்கூடிய ஒரு ரசாயனம் உண்டாகலாம். 2025-ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்து கலந்த 95 பொருட்கள டெஸ்ட் பண்ணினப்ப பெரும்பாலானதுல பிரச்சனை இல்ல, சிலது மட்டும் கடையில இருந்து திரும்ப எடுக்கப்பட்டுச்சு.

மூணு வாரம் ஆச்சு. ஒரு மாத்தமும் இல்ல. மேடத்துக்கு போன் பண்ணி கிட்டத்தட்ட சண்டையே போட்டேன். இன்னைக்கு வெளிய தெரியற பரு உள்ள அடைக்க ஆரம்பிச்சு பல வாரம் ஆகியிருக்கும், அதனால இப்ப போடற மருந்து நாளைக்கு வரப்போற பருவுக்குத்தான், எட்டு வாரத்துல இருந்து பன்னெண்டு வாரம் வரைக்கும் குடுத்துப் பாருங்கன்னாங்க. இத எல்லாரும் முதல் நாளே சொல்லிட்டா பாதிப் பேர் மருந்த நடுவுல நிறுத்த மாட்டாங்க.

ஆறாவது வாரம் கூட அசெலாயிக் அமிலம் சேர்த்தாங்க, 15 சதவீத ஜெல். இது தானியங்கள்ல இயற்கையாவே இருக்கிற பொருள், நம்ம ரத்தத்துலயும் கொஞ்சம் எப்பவும் இருக்கும். தோல் வழியா 4 சதவீதம் மாதிரிதான் உள்ள போகும்கிறதால அந்த இயற்கையான அளவுல பெருசா மாத்தம் வராது. முதல் பத்து நாள் எறும்பு ஊர்ற மாதிரி ஒரு அரிப்பு இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு. எனக்கு இது பிடிச்சதுக்கு வேற காரணம், பரு போன பிறகு நிக்கிற கறுப்புத் தழும்பையும் இது மெதுவா குறைக்கும். நம்ம மாதிரி நிறம் உள்ளவங்களுக்குப் பரு ஒரு மாசம்னா தழும்பு ஆறு மாசம், அதனால இந்த ரெண்டாவது வேலை எனக்கு முதல் வேலைய விடப் பெருசா தெரிஞ்சுது. இத கழுவாம விடணும்கிறதால ராத்திரி பாப்பா நீளமா தூங்கற முதல் தூக்கத்துல போட்டுடுவேன். நடுராத்திரி எந்திரிக்கிறதுக்குள்ள இழுத்துக்கும், ஆனாலும் தோள்ல சுத்தமான ஒரு மெல்லிசு காட்டன் துணியப் போட்டு அது மேலதான் அவ தலை.

கிளிண்டாமைசின்ங்கிற ஆன்டிபயாட்டிக், 1 சதவீத ஜெல், எனக்கு ரெண்டு மாசம் குடுத்தாங்க, சீழ் வச்ச பருவுக்கு. தோல்ல போடறதுல ரத்தத்துக்குப் போறது ரொம்பக் கம்மி. ஆனாலும் குழந்தைக்கு வயித்தால போகுதா, வாய்க்குள்ள மாவு மாதிரி வெள்ளை படியுதா, டயப்பர் ரேஷ் ஜாஸ்தி ஆகுதான்னு கண்ணு வச்சுக்கணும், மலத்துல ரத்தம் தெரிஞ்சா உடனே டாக்டர்கிட்ட போகணும். எங்க பாப்பாவுக்கு ஒண்ணும் வரல. இத மட்டும் தனியா போட்டுக்கிட்டே இருந்தா பாக்டீரியா பழகிக்கும், அதனால கூட பென்சாயில் பெராக்ஸைடும் இருக்கணும்.

சாலிசிலிக் அமிலத்தப் பத்திதான் நிறைய பேர் பயப்படறாங்க, ஆஸ்பிரின் சொந்தக்காரன்ங்கிறதால. மூஞ்சிக்கு மட்டும் 2 சதவீத ஃபேஸ்வாஷ்னா கழுவித்தானே விடறோம், பிரச்சனை இல்ல. முதுகு மார்பு முழுக்க பூசறது, பார்லர்ல ஸ்ட்ராங்கா பீல் பண்றது, அதெல்லாம் வேணாம். நியாசினமைடு, கிளைகோலிக், லாக்டிக் வகையறா எல்லாம் பரவாயில்ல, ஆனா எல்லாத்தையும் ஒரே நாள்ல அடுக்காதீங்க, அது பால் பிரச்சனை இல்ல, உங்க தோல் பிரச்சனை.

இப்ப குழப்பமான இடத்துக்கு வர்றேன், ரெட்டினாய்டு, அதாவது வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து. அடாபலின், ட்ரெட்டினாயின் இதெல்லாம். அலமாரியில கிடந்த என் பழைய டியூப் அடாபலின்தான். கர்ப்பத்துல இத தவிர்க்கச் சொல்றாங்க, அந்தத் தடைய அப்படியே தூக்கி பால் குடுக்கிற காலத்துக்கும் போட்டுடறாங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல. வயித்துல இருக்கிற கருவுக்கு உறுப்பெல்லாம் உருவாகிக்கிட்டிருக்கு, நஞ்சுக்கொடி வழியா நேரா போகுது. பிறந்த குழந்தைக்கு அந்த ஆபத்து முடிஞ்சுது, வழியும் வேற. மூஞ்சியில போடற ரெட்டினாய்டு ரத்தத்துக்குப் போறது ரொம்பவே கம்மிங்கிறதால பால் வழியா ஆபத்து கம்மின்னுதான் லாக்ட்மெட்ல இருக்கு. அமெரிக்காவோட தேசிய மருத்துவ நூலகம் 2006-ல ஆரம்பிச்ச தகவல் தொகுப்பு அது, மருந்து பேரப் போட்டா பாலுக்கு எவ்வளவு போகும், குழந்தைக்கு என்ன ஆகும்னு வரும், இலவசம். ஆனா பால் குடுக்கிறவங்கள வச்சு நேரடியா பண்ண ஆராய்ச்சி கம்மிங்கிறதால சில டாக்டருங்க இத அப்புறமா பார்த்துக்கலாம்னு தள்ளி வைப்பாங்க. எங்க மேடமும் தள்ளிதான் வச்சாங்க, அவங்க காரணம் நியாயமா இருந்துச்சு: "இத உங்க பொண்ணு மோவாய்ல இருந்து நக்கறத நான் விரும்பல, அத விட லேசானது ரெண்டு நம்மகிட்ட இருக்கு." யாருக்காவது குடுத்தா மார்க்காம்பு பக்கமே போகக்கூடாது, குழந்தை தோல்ல படக்கூடாது. மார்பு மேல பரு இருந்து எந்த மருந்து போட்டாலும் இதே விதிதான். அங்க களிம்பு மாதிரி பிசுபிசுன்னு இருக்கிறத விட தண்ணியில கழுவினா போற க்ரீமோ ஜெல்லோ நல்லது, ஏன்னா பாரஃபின் கலந்த களிம்ப குழந்தை நக்கிடும்.

அந்த ஏ, பி, சி, டி, எக்ஸ்னு எழுத்து போட்டு மருந்த பிரிப்பாங்களே, அத இன்னும் சில பேர் பால் குடுக்கிறவங்களுக்குச் சொல்லிக்கிட்டிருக்காங்க. அது முதல்ல கர்ப்பத்துக்கானது. ரெண்டாவது, எஃப்.டி.ஏ.வே 2015-ல இருந்து அத எடுத்துட்டு, கர்ப்பத்துக்குத் தனியா பாலூட்டலுக்குத் தனியா விளக்கமா எழுதணும்னு மாத்திட்டாங்க.

மாத்திரை விஷயத்துல ஒண்ணே ஒண்ணுக்குப் பேச்சே இல்ல, ஐசோட்ரெட்டினாயின். வைட்டமின் ஏ குடும்பம், கொழுப்புல கரையற சரக்கு, பாலுக்கு வரும்னுதான் எதிர்பார்க்கணும், அதனால பால் குடுக்கிற வரைக்கும் கூடாது. கருவுல இருக்கிற குழந்தைக்கு அது பண்ற கெடுதல் ரொம்ப மோசம். பால் குடுத்துக்கிட்டிருந்தா கர்ப்பம் ஆகாது, பீரியட்ஸே வரலையேன்னு நினைச்சிடாதீங்க, பிரசவத்துக்கு அப்புறம் முதல் பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடியே கருமுட்டை வந்துடலாம். என் சித்தி பொண்ணு ஒருத்தி வீட்டுல யாருக்கோ எழுதினது மிச்சம் இருக்குன்னு போட்டுக்கப் பார்த்தா, குழந்தைக்கு அஞ்சு மாசம். போன்லயே அவள கிழிச்சு எடுத்தேன்.

டாக்ஸிசைக்ளின் கொஞ்சம் சிக்கல். இந்தக் குடும்பத்து ஆன்டிபயாட்டிக் வளர்ற பல்லுல கறை படிய வைக்கும்கிறதால பயம். பால்ல இருக்கிற கால்சியம் மருந்தப் பிடிச்சு வச்சுக்கும், குழந்தை உடம்புக்குள்ள போறது கம்மி, அதனால வேற ஏதோ தொத்துக்கு மூணு வாரம் வரைக்கும் குடுக்கிறது பரவாயில்லைன்னு சொல்றாங்க. ஆனா பருவுக்கு எழுதறது மூணு வாரத்துக்கா? மூணு மாசம் வரைக்கும் போகும். அதனால பருவுக்காக வேணாம். மினோசைக்ளின்னு அதோட தம்பி ஒண்ணு இருக்கு, அது தாய்ப்பாலையே கறுப்பாக்கினதா மருத்துவப் பதிவே இருக்கு, படிச்சப்ப எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. மாத்திரை இல்லாம முடியாதுங்கிற நிலைமை வந்தா வேற ஆன்டிபயாட்டிக் உண்டு, குழந்தை வயசப் பார்த்து டாக்டர் முடிவு பண்ணுவாங்க. எரித்ரோமைசின் மாதிரி சிலத பிறந்து சில வாரமே ஆன குழந்தையோட அம்மாவுக்கு யோசிச்சுத்தான் குடுப்பாங்க, பச்சக் குழந்தைக்கு இரைப்பை வாய் தடிச்சு அடைச்சுக்கிற ஒரு பிரச்சனையோட அதுக்குத் தொடர்பு பேசப்படுது. ஆண்ட்ரோஜன தடுக்கற ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை பாலுக்கு வர்றது கம்மிதான், எனக்கு அந்த அளவு தேவைப்படல.

கருத்தடை மாத்திரையையும் சொல்லிடணும், ஏன்னா பரு குறையுதுன்னு அத சாப்பிடறவங்க உண்டு. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பால குறைச்சிடலாம், பிரசவம் ஆன புதுசுல ரத்தம் கட்டற ஆபத்து வேற. பால் குடுக்கிறவங்க முதல் 6 வாரம் எடுக்கவே கூடாது, 6 மாசம் வரைக்கும் பொதுவா தவிர்க்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதனால நமக்கு எழுதறது புரோஜெஸ்டின் மட்டும் இருக்கிறது, மினி பில்னு சொல்வாங்க. அது பொதுவா பால குறைக்காது, ஆனா சில பேருக்கு மூஞ்சிக்கு கெட்டது, பருவ கிளப்பி விட்டுடும். என் பரு ஏழாவது வாரம் வந்துச்சுன்னு சொன்னேன்ல, மினி பில் ஆரம்பிச்சது ஆறாவது வாரம். அதுதான் காரணம்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா முதல் டாக்டர் அதக் கேட்கவே இல்ல, மேடம் கேட்டாங்க. நாங்க அத மாத்திட்டு ஹார்மோன் இல்லாத காப்பர் டிக்குப் போனோம்.

டாக்டர்கிட்ட போகவே வேணாம், இத போடுன்னு யாராவது பேரு தெரியாத க்ரீம் குடுத்தா தயவு செஞ்சு வாங்காதீங்க. மூஞ்சிய வெளுப்பாக்கற க்ரீம் பலதுல ஸ்டீராய்டு இருக்கு, போட்ட ஒரு வாரம் மூஞ்சி கண்ணாடியா இருக்கும், நிறுத்தினா பத்து மடங்கு திரும்ப வரும், அதுக்கப்புறம் வர்ற பருவே வேற ரகம். சிலதுல பாதரசம் கூட இருக்கு, மெர்க்குரி, கேலோமெல்னு லேபிள்ல பேர் போட்டிருக்கலாம், போடாமலும் இருக்கலாம். அது அம்மா உடம்புல சேர்ந்து பாலுக்கும் வரும், அம்மா தொட்ட துணி, தலையணை, கை வழியாவும் குழந்தைக்குப் போகும். தழும்புக்கும் மங்குக்கும் போடற ஹைட்ரோகுவினோனும் இப்ப வேணாம், போட்டதுல 35-ல இருந்து 45 சதவீதம் வரைக்கும் உள்ள இழுத்துக்கும். அசெலாயிக் அமிலத்தோட 4 சதவீதத்த இதுகிட்ட வச்சுப் பாருங்க, ரெண்டும் தழும்புக்குத்தான், ரெண்டும் டியூப்தான்.

இதுக்கெல்லாம் பால கறந்து கீழ ஊத்தணுமான்னு ஒரு தோழி கேட்டா. பாவம், அரை மணி நேரம் பம்ப் வச்சு எடுத்த பால நிஜமாவே ரெண்டு நாள் ஊத்தியிருக்கா, மூஞ்சிக்கு ஜெல் போட்டதுக்கு. வேணாம். இந்த மாதிரி பூச்சு மருந்துக்கு யாரும் பால ஊத்த வேண்டியதில்ல.

மூணாவது மாசம் முடியறப்ப தாடை தடவிப் பார்த்தா வழவழன்னு இருந்துச்சு. முழுசா போகல, பீரியட்ஸ் திரும்ப வந்த பிறகு அதுக்கு முன்னாடி வாரம் ரெண்டு எட்டிப் பார்க்கும், ஆனா கல்லு மாதிரி வர்றது நின்னுடுச்சு. ரெண்டு பள்ளம் நிக்குது, இடது பக்கம். முதல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்து சும்மா இருந்த அந்த ஏழு வாரத்துல வந்தது அது ரெண்டும். அம்மா இப்ப அவங்க தோழிங்ககிட்ட "என் பொண்ணு எல்லாம் படிச்சுத்தான் போடுவா"ன்னு பெருமையா சொல்றாங்களாம், டியூப கையில இருந்து பிடுங்காத குறையா நின்னது அவங்கதான்.

பாப்பாவுக்குப் பதினாலு மாசம் ஆச்சு. பால் மறக்க வைக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன், ராத்திரி ஒண்ணு காலையில ஒண்ணு இன்னும் ஓடுது. மோவாய உறிஞ்சுறத எப்பவோ விட்டுட்டா, இப்ப நடக்கறா, எதப் பார்த்தாலும் எடுத்து வாயில வைக்கிறா. ஜெல் டியூப் முதல்ல கட்டில் பக்கத்து ஸ்டூல் மேல இருந்துச்சு, தவழ ஆரம்பிச்சதும் மேஜைக்குப் போச்சு, எந்திரிச்சு நிக்க ஆரம்பிச்சதும் அலமாரியோட நடுத்தட்டுக்குப் போச்சு. போன வாரம் நாற்காலிய இழுத்துப் போட்டு ஏறக் கத்துக்கிட்டா, அதனால நேத்து மேல் தட்டுல வச்சிருக்கேன், இப்ப எனக்கே ஸ்டூல் போட்டுத்தான் எட்டுது.